கேட்டால்தான் தண்ணி

சினேகாவுக்கு ஒன்றேமுக்கால் வயதில் பதினோரு வார்த்தைகள் இருந்தன. அம்மா, நைனா, தா, காக்கா, படகுக்குப் போட்டு என்று அவள் அம்மா வினிதா விரல்விட்டுச் சொல்லுவாள். காத்திவாக்கத்தில் அவர்கள் தெருவில் அந்த வயதுப் பிள்ளைகளில் முதலில் பேசியவள் அவள்தான். அப்பா வெற்றி, காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் வேலை செய்தான். போனால் திரும்பிவரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். தோளில் பையோடு அவன் தெருமுனை திரும்புவதைப் பார்த்துவிட்டால் போதும், "நைனா போட்டு, நைனா போட்டு" என்று கதவைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள்.

இரண்டு வயது தாண்டியதும் அந்த வார்த்தைகள் போகத் தொடங்கின. முதலில் காக்கா போனது. சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தது, குழந்தை பார்த்தாள், பேசாமல் இருந்தாள். தூக்கக் கலக்கம் என்று வினிதா நினைத்தாள். ஐப்பசியில் ஒருநாள் வெற்றி கடலிலிருந்து வந்தபோது அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கூப்பிடவில்லை.

"இன்னாடா கண்ணு, நைனாவ மறந்துட்டியா?" என்று அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான். அப்போதும் சிரிப்புதான்.

அடுத்த தடவை அவன் வந்தபோது கையும் போயிருந்தது. தட்டிலிருந்து இட்லியைத் தானே பிய்த்துத் தின்றவள், இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்து, ஈரத்துணி பிழிவதுபோல் பிழிந்தாள். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கும்வரை ஓயாமல் பிழிந்தாள். விரல் இடுக்குகள் சிவந்து புண்ணாயின.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டிசமாக இருக்கலாம், பயிற்சி கொடுங்கள் என்றார்கள். அந்தச் சீட்டோடு வினிதா திருவொற்றியூரில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி மையத்துக்குப் போனாள். இறால் உரிக்கும் வேலையை அன்றோடு விட்டாள்.

அங்கே குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் ரஹீமுன்னிசா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர். எட்டு வருடமாக இதே வேலை. பிள்ளைகளைத் துணி ஊஞ்சலில் போட்டு ஆட்டுவார், பெரிய பந்தின் மேல் குப்புறப் படுக்கவைத்து உருட்டுவார், உள்ளங்கையில் பிரஷ்ஷால் தேய்ப்பார். பேசாத பிள்ளைகள் அவரிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அதை வினிதா வராந்தாவில் காத்திருந்த மற்ற அம்மாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"மிஸ், எம்பொண்ணு பேசிடுவாளா?"

"ஏற்கெனவே பேசின குழந்தை. கண்டிப்பா பேசுவா. ஆனா வீட்ல நீங்க கஷ்டப்படணும்" என்றார் ரஹீமுன்னிசா. "அவளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு நீங்களே எடுத்துக் குடுத்துடறீங்க. அப்ப அவ எதுக்குப் பேசணும்? கேக்காம எதையும் குடுக்காதீங்க. கை நீட்டணும், இல்ல ஒரு சத்தமாவது குடுக்கணும். அதுவரைக்கும் கையில வெச்சுக்கிட்டுக் காத்திருங்க. அழுவா. மனசு விட்டுடாதீங்க."

வினிதா மனசு விடவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் மட்டும் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்ற பெருமை அவளுக்கு உண்டு. பிஸ்கட்டைக் குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "தா சொல்லு. தா" என்பாள். குழந்தை பிஸ்கட்டைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், மறுபடி பிஸ்கட்டைப் பார்ப்பாள். கைகள் மட்டும் பிழிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மையத்தில் வைத்து "த்தா" என்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. ரஹீமுன்னிசா கைதட்டினார். வராந்தாவில் இருந்த அம்மாக்களும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் வினிதா குழந்தையின் உச்சந்தலையில் முத்தமிட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தச் சத்தம் பிறகு வரவே இல்லை.

மறுவருடம் செப்டம்பரில் ஒரு மத்தியானம். மழை வரும்போல் கறுத்து, வராமல் புழுங்கிய நாள். கரண்ட் இல்லை. சினேகா வேர்த்து நனைந்திருந்தாள், உதடு காய்ந்திருந்தது. வினிதா தண்ணீர் மொண்டு டம்ளரை அவள் முன்னால் பிடித்தாள்.

"தண்ணி வேணுமா? கேளு. தா சொல்லு."

குழந்தை டம்ளரைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கைப்பிழிதல் வேகமானது. மூச்சு இறைத்தது, பல் நறநறவென்று கடிபட்டது. பிறகு அழத் தொடங்கினாள். வினிதாவின் கை டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனது. ஆனால் 'மனசு விட்டுடாதீங்க' என்றாரே மிஸ். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் இத்தனை மாதப் பாடும் வீண். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம். அழுது அழுது, குழந்தை உட்கார்ந்த வாக்கில் தலை தொங்கித் தூங்கிப்போனாள்.

அந்த நேரத்துக்குத்தான் வெற்றி வந்து சேர்ந்தான். வாசலிலேயே நின்று பார்த்தான்.

"இன்னாமே பண்ற நீ?"

"மிஸ் சொல்லிகீறாங்க. கேட்டாதான் குடுக்கணும்."

"தண்ணிய கூடவா? நடுக்கடல்ல எதிரி வந்து கேட்டாலும் தண்ணி குடுப்போம்மே." டம்ளரைப் பிடுங்கிக் குழந்தையை எழுப்பிப் புகட்டினான். அவள் கண்ணை மூடியபடியே மடமடவென்று குடித்தாள்.

"நீ ரெண்டு நாள் இருந்துட்டு கடலுக்குப் போயிடுவ" என்றாள் வினிதா. "நான்தான் இவள பேசவெக்கணும். அப்பால ஊரு கேக்கும், பொண்ண இன்னா வளத்தேன்னு. உன்னியா கேக்கும்?"

வெற்றி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டான். மூன்றாம் நாள் படகேறினான்.

டிசம்பரில், மையத்துக்குப் போகும் வழியில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, நடுவே ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் கண் மேலே செருகியது, வாயில் நுரை தள்ளியது. ஆட்டோக்காரர் அப்துல் வஹாப் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடினார். வினிதா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

பிழைத்துக்கொண்டாள். எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் சினேகாவின் கைகளையே வெகுநேரம் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறாள், அதற்குமுன் என்னென்ன பேசினாள், எப்படி நடந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்து வெளியே பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு மார்ச்சில் வந்தது. வெற்றியும் கூடப் போனான்.

"இது ஆட்டிசம் இல்ல. ரெட் சிண்ட்ரோம்னு பேரு. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்குத்தான் வரும்" என்றார் டாக்டர். "நீங்க ரெண்டு பேரும் எந்தத் தப்பும் பண்ணல. கருவிலேயே ஒரு ஜீன்ல வந்த மாற்றம். வளர்ற மாதிரி வளந்து, ரெண்டு வயசு வாக்குல கத்துக்கிட்டதெல்லாம் போயிடும். பேச்சு, கை உபயோகம், சில பேருக்கு நடையும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லம்மா. பயிற்சி விடாம குடுக்கணும், இருக்கறதைக் காப்பாத்திக்கறதுக்கு."

"புத்தியும் போயிடுமா டாக்டர்?" என்று வெற்றி கேட்டான்.

"அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் குழந்தைங்க நாம நினைக்கறதைவிட நிறையப் புரிஞ்சுக்கறாங்க. ஒண்ணு வேணும்னு அவளுக்குத் தெரியும். கையை நீட்டணும்னும் தெரியும். ஆனா கைக்கு அந்த உத்தரவு போய்ச் சேராது. வேணும்னு எவ்வளவு தவிக்கறாளோ அவ்வளவுக்குக் கை இன்னும் பூட்டிக்கும். கண்ணைத்தான் பார்க்கணும். கண்ணால கேப்பாங்க."

வினிதா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு அவ தண்ணி கேட்டுகினுதான் இருந்தாளா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "என்னிக்கும்மா?" என்றார். வெற்றி அவள் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனான். படிக்கட்டில் உட்கார்ந்தவளை எழுப்ப அவனால் முடியவில்லை.

அதன் பிறகு வினிதா மையத்துக்குப் போகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், வேளைக்கு மருந்து கொடுத்தாள். ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊட்டும்போது வாயை மட்டும் பார்ப்பாள், தலைவாரும்போது பின்னால் உட்கார்ந்துகொள்வாள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்தாள். மணிக்கொரு தரம் தண்ணீர், வேண்டுமோ வேண்டாமோ தண்ணீர். ஒருநாள் புரையேறிக் குழந்தைக்கு முகம் நீலமாகிவிட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ரஹீமுன்னிசா காத்திவாக்கத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மையத்துக்கும் கடிதம் போயிருந்தது. வெயிலில் விசாரித்து விசாரித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெற்றி வீட்டில்தான் இருந்தான். வினிதா உள்ளே வரச் சொல்லவில்லை. அவரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது தப்பு வினிதா" என்றார். "கையைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சீட்டுல எழுதியிருந்ததை அப்படியே நம்பினேன். வேற டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பல. தப்பு என்னோடது. உங்களோடது இல்ல."

"நீங்க சொன்னீங்க. ஆனா டம்ளர புடிச்சுகினு இருந்தது என் கையிதான" என்றாள் வினிதா.

"நான் சொல்லித்தானே பிடிச்சீங்க."

"அவ என்னிய பாத்தா மிஸ். தண்ணிய பாத்தா, என்னிய பாத்தா. நாப்பது நிமிஷம் பாத்தா. பெத்தவ எதிர்க்க ஒக்காந்துகினு அழுவுறா, தண்ணி மட்டும் தரல. அந்தக் கொயந்த இன்னா நெனச்சிருக்கும்?" குரல் ஏறியது. "தப்பு தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? அந்த நாப்பது நிமிஷத்த எங்க போயி திருப்பி வாங்குறது? சொல்லுங்க."

ரஹீமுன்னிசா பைக்குள் கையை விட்டு இரண்டு படங்களை எடுக்கப் போனவர், வினிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

"போயிடுங்க மிஸ்" என்றாள் வினிதா.

அவர் எழுந்து போனார். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வெற்றி வேகவேகமாக நடந்து வந்தான்.

"அக்கா, பையிலேந்து இன்னாவோ எடுத்தியே, அது இன்னாது?"

"படம். கண்ணால பாத்துச் சொல்றதுக்கு."

"எனக்குச் சொல்லிக்குடு. தடைக்காலம் வருது. ரெண்டு மாசம் கரையிலதான் கீறேன்."

மீன்பிடித் தடை தொடங்கியதும் வெற்றி தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனான். அந்த வராந்தாவில் அம்மாக்களுக்கு நடுவே அவன் ஒருத்தன்தான் ஆண். முதல் வாரம் கூச்சத்தில் சுவரைப் பார்த்தே நின்றான். ரஹீமுன்னிசா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு பொருளைக் குழந்தையின் கண் உயரத்தில், ஒரு கை இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். கேட்க வேண்டும். பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அந்தக் கண் ஒன்றின்மேல் போய் நிற்க அரை நிமிடம் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். நின்றதும் உடனே கொடுத்துவிட வேண்டும்.

"லேட்டாவே கூடாது. நீ கேட்டது எனக்குப் புரிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

கடலில் வலை விட்டுவிட்டுக் காத்திருந்து பழகியவன்தான் வெற்றி. இந்தக் காத்திருப்பு அவனுக்குக் கடினமாக இல்லை. ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் பிஸ்கட். குழந்தையின் கண் அலைந்தது, அவன் முகத்துக்கு வந்தது, சுவருக்குப் போனது, வாழைப்பழத்தில் நின்றது. மறுபடி கேட்டான், கை மாற்றிப் பிடித்தான். கண் மறுபக்கம் போய் வாழைப்பழத்தையே பிடித்தது. அந்த நாற்பது வருடப் பழைய கட்டிடத்தின் மாடியில் வெற்றி போட்ட சத்தத்தில் ஊஞ்சலில் இருந்த இன்னொரு குழந்தை பயந்து அழுதது.

வீட்டுக்கு வந்து வினிதாவிடம் சொன்னான். "பேசுறாமே. கண்ணாலயே பேசுறா. வந்து பாரு."

"நீயே பாரு" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பல நாள் அப்படியே போனது. கடைசியில் ஒருநாள் அவன் கோபமாகவே கேட்டான்.

"உனக்கு இன்னா பேஜாரு? பெத்த பொண்ணு மூஞ்சிய பாக்க மாட்டியா?"

"பயமா கீதுயா" என்றாள் வினிதா. "என்னிய எப்பிடி பாத்துடுவாளோன்னு பயமா கீது."

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். வெற்றி மையத்தில் இரண்டு போட்டோக்களை அட்டையில் ஒட்டி வாங்கி வந்திருந்தான். ஒன்று அவனுடையது, ஒன்று வினிதாவுடையது. குழந்தையை அறை நடுவே முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தான். வினிதா குழந்தைக்குப் பின்னால், வாசலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, யாரு வேணும்? நைனாவா, அம்மாவா?"

கேட்டுவிட்டு அமைதியாக இருந்தான். வினிதாவின் கை கீரையில் நின்றுவிட்டது. குழந்தையின் கண் மெல்ல நகர்ந்து அம்மாவின் படத்தில் போய் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு அவள் கழுத்தைத் திருப்ப முயன்றாள். உடம்பு ஒத்துழைக்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மூச்சு வாங்கியது. மறுபடியும் முயன்றாள். தலையணை சரிந்து, அவளும் சாய்ந்து, சாய்ந்தபடியே கண்ணைச் சுழற்றி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கண்டுபிடித்தாள். கண்டதும் சிரித்தாள்.

வினிதா தவழ்ந்து வந்து அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு மாதத்துக்குமேல் அவள் பார்க்காத முகம். எங்கேயாவது ஒரு கோபம் இருக்கும் என்று தேடினாள். ஒன்றுமில்லை.

"கோவப்பட்டாகூட தாங்கியிருப்பேன்யா" என்று அழுதாள். "கொஞ்சமாவது கோவப்பட்டிருக்கலாம்ல."

வெற்றி சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்கி முறத்தில் போட்டான்.

தடைக்காலம் முடிந்து அவன் கடலுக்குப் போனதும் வினிதாவே மறுபடி மையத்துக்குப் போகத் தொடங்கினாள். ரஹீமுன்னிசாவோடு பழையபடி பேச்சு இல்லை. "வாங்க", "சரிங்க மிஸ்" அவ்வளவுதான். ஆனால் குழந்தையின் காலை நீட்டி மடக்கும்போது இருவர் கைகளும் ஒரே முழங்காலைப் பிடித்திருக்கும். ஒருநாள் ரஹீமுன்னிசாவின் கை நடுங்கியதைப் பார்த்து, "காலையில துன்னீங்களா இல்லியா?" என்று வினிதா அதட்டினாள். நோன்பு என்று தெரிந்ததும் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சினேகாவுக்கு ஐந்து வயது ஆனபோது நடையும் நின்றது. முதலில் தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டு நின்றாள், ஒருநாள் காலையில் கால் இரண்டும் மடங்கிக்கொண்டன. எதிர்பார்த்ததுதான் என்றார் ரஹீமுன்னிசா. எதிர்பார்த்திருந்தும் வினிதா அன்று சமைக்கவில்லை.

உட்கார நாற்காலி வேண்டியிருந்தது. கடையில் விற்றது எதுவும் அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் ஃபைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்யும் யேசுதாஸ் என்பவரை வெற்றி அழைத்துவந்தான். ரஹீமுன்னிசா எழுதிக் கொடுத்த அளவை வைத்து, படகு செய்யும் அதே ஃபைபரில் அவர் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். பச்சை நிறம், இடுப்புக்கு வார், கீழே சின்னச் சக்கரம். சினேகா அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கண்ணாலேயே நிறுத்தி வைத்தாள். மீன்கூடையோடு போகும் பெண்கள் குனிந்து, "இன்னா ராணி, இன்னா வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாற்காலியில் அவள் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கினாள். எழும்பூரில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பு வளைகிறது, இந்த நோயில் இது வரும், இன்னும் வளையும் என்றார்கள். முதுகுக்குப் பட்டை போட்டுப் பார்க்கலாம், பின்னால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். அதுவரை நாற்காலியை மாற்றிச் செய்யுங்கள் என்றார்கள்.

யேசுதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அளவு நாடாவோடு வந்தார். வெற்றி கடலில் இருந்தான். வினிதா பாயில் உட்கார்ந்து, மகளின் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தாள். யேசுதாஸ் நாடாவை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நேரா புடிக்காதம்மா" என்றார் தயங்கியபடி. "அவ எப்பிடி கீறாளோ அப்பிடியே வுடு. அந்த அளவுதான் எனக்கு வேணும்."

வினிதா கையை எடுக்கவில்லை. சினேகா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாக, ஒரு கையை முதலில், மறு கையை அப்புறம் எடுத்தாள். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் போய் நின்றாள். யேசுதாஸ் குனிந்து இடுப்பிலிருந்து அக்குள்வரை அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.